‘எத்தனை தடவைண்ணே என் அழுகையைப் போடுவீங்க?’

பாம்பனை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு செய்திப் புகைப்படக்காரர் வக்கீலான எனக்கு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரோ ஆளோ பத்திரிகையோ தெரியாதபடி அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு 41 வயது. கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம், பாஸ்போர்ட் படம் என்று வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. கூடவே 14 வருடமாக ஒரு நாளிதழுக்கும் படம் எடுத்துத் தருகிறார். சம்பளம் கிடையாது, அச்சான படத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துத் தருவார்கள். வருடத்துக்கு ஒரு அடையாள அட்டை உண்டு. எழுத்தில் வேறு எதுவும் இல்லை.

அன்றைய வேலை விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தம். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளைக்குக் கரையில் நிற்கும் விசைப்படகுகளும் வலை சரிசெய்கிறவர்களும். ஏர்வாடியில் சந்தனக்கூடு, மண்டபத்தில் பிடிபட்ட கடல் அட்டை மூட்டைகள், கரை ஒதுங்கிய ஆமை, பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள். “ஒரே நாளில் காலையில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிரிக்கிற பிள்ளைகளையும், மதியம் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நிற்கிற தாயையும் எடுத்திருக்கிறேன்” என்று எழுதுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில், கடலுக்குப் போன விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. படகுச் சங்கத்துக்காரர் ஒருவர் போன் பண்ண, இவர் கேமராவோடு இறங்குதளத்துக்கு ஓடியிருக்கிறார். மடியில் பெண் குழந்தையோடு மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு மீனவரின் மனைவியை எடுத்தார். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்தவரும் இவரேதான். சில மாதத்தில் கணவர் விடுதலையாகி வீடு வந்து சேர்ந்தார்.

படம் மட்டும் வீடு திரும்பவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் அதைப் பெரிதாக பிளெக்ஸ் அடித்துப் பேருந்து நிறுத்தத்தில் கட்டினார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு அதே நாளிதழ், வேறு ஊர்க்காரர்கள் கடல் அட்டை கடத்தியதாகக் கைதான செய்திக்கு இந்தப் படத்தைப் போட்டு, கீழே ‘கைதானவரின் குடும்பத்தினர்’ என்று எழுதிவிட்டது. இணையப் பக்கத்திலும் அதுவே கிடக்கிறது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்து படியேறாமல் வாசலிலேயே நின்று கேட்டாராம்: “எத்தனை தடவைண்ணே என் அழுகையைப் போடுவீங்க?”

இவரால் பதில் சொல்ல முடியவில்லை. அலுவலகத்தைக் கேட்டதற்கு, “அனுப்பின படம் எங்களோடது, எப்ப வேணும்னாலும் போடுவோம்” என்று பதில் வந்தது. “நான் நிருபர்கூட இல்லை மேடம், வெறும் போட்டோகிராபர். அந்தப் படத்தின் மேல் எனக்கு உரிமை உண்டா? அந்தத் தங்கச்சி என் மேல் வழக்குப் போட முடியுமா? ஒரிஜினலை அழித்துவிட்டு இந்த வேலையையே விட்டுவிடலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அந்தப் பெண்ணின் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அடுத்த இரண்டு தடவையும் வக்கீலாகப் படித்தேன். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரிஜினலை அழிக்காதீர்கள். மெமரி கார்டில் இருக்கிறதோ ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதோ, இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். இது கடத்தல் வழக்கின் படம் கிடையாது, இரண்டு வருடத்துக்கு முந்தைய வேறொரு துயரம் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு நீதிமன்றம் வரை போனால், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். குற்ற உணர்ச்சியில் அழித்தீர்கள் என்றால் அந்தத் தங்கச்சியின் கையில் இருக்கும் ஆதாரத்தைத்தான் அழிக்கிறீர்கள்.

அடுத்தது, ‘வெறும் போட்டோகிராபர்’. இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே ஆசிரியர், துணை ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர் ஆகியோருடன் செய்திப் புகைப்படக்காரரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் செய்திப் புகைப்படக்காரர் உண்டு, பகுதி நேரமாக வேலை செய்பவரும் உண்டு. ஆனால் பத்திரிகை வேலையே ஒருவரின் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. வீட்டுச் செலவு ஸ்டுடியோவில் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பணிக்கொடை, அறிவிப்புக் காலம் போன்றவற்றைக் கேட்டுப் போனால் அந்த வரியை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அந்த வழியில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். படத்தின் உரிமை வேறு விஷயம். அதில் நீங்கள் நினைப்பதைவிட வலுவான இடத்தில் நிற்கிறீர்கள்.

படம் யாருடையது?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு புகைப்படத்தின் ஆக்கியோன் அதை எடுத்தவர்தான். பதிவு செய்தால்தான் உரிமை என்பதெல்லாம் கிடையாது. எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும். உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும் இருக்கும். ஆனால் முதல் உரிமையாளர் யார் என்பதற்கு 17ஆவது பிரிவில் சில விலக்குகள் உண்டு. உங்கள் வேலை அந்த விலக்குகளுக்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் என்று வையுங்கள். அப்போதுகூட பத்திரிகை முதலாளிக்குக் கிடைப்பது பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே. கண்காட்சி, புத்தகம், நாட்காட்டி, பிளெக்ஸ் என்று மற்ற எல்லாம் எடுத்தவருக்கே சொந்தம், வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தால் தவிர. ‘அனுப்பின படம் எங்களோடது’ என்பது ஊழியர் விஷயத்திலேயே பாதி உண்மைதான். நீங்களோ ஊழியராகவே தெரியவில்லை. படத்துக்கு இவ்வளவு என்று காசு, வேலை நேரம் கிடையாது, பி.எஃப். கிடையாது.

இதில் உங்களுக்குப் பாதகமான இடமும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒருவர் சொல்லி, அவரிடம் காசு வாங்கிக்கொண்டு எடுத்த படம் என்றால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உங்கள் ஸ்டுடியோ கல்யாணப் படங்கள் அப்படித்தான். பெண் மாப்பிள்ளை வீட்டைக் கேட்காமல் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டுவது நம் ஊர் வழக்கம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதே போல ‘திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போ’ என்று வாட்ஸ்அப்பில் அலுவலகம் அனுப்பி, போய் எடுத்துக் காசு வாங்கிய படங்களுக்கு அவர்கள் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

இந்த அழும் பெண்ணின் படம் எந்த வகை? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சங்கத்துக்காரர் போன் பண்ணினார், நான் ஓடினேன், எடுத்து முடித்த பிறகுதான் ஆபீசுக்குச் சொன்னேன். தம்பி, வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. அலுவலகம் உங்களை அனுப்பவில்லை. நீங்களாகப் போனீர்கள், எடுத்தீர்கள், பிறகு கொடுத்தீர்கள். அதனால் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான் என்பது என் கருத்து. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி எதுவும் நீங்கள் எழுதித் தரவில்லை. அன்றைக்குப் போன் வந்த பதிவு, நீங்கள் அலுவலகத்துக்குப் படம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அதில் நீங்கள் எழுதிய விவரக் குறிப்பு, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

‘14 வருடமாக இப்படித்தானே நடக்கிறது, பழைய படத்தை எடுத்துப் போடுவதற்கும் சேர்த்துத்தானே காசு’ என்று அவர்கள் வாதாடலாம். நீதிமன்றம் அதைக் கொஞ்சம் ஏற்கவும்கூடும். ஆனால் வேறொரு செய்திக்குப் பொய்யான விளக்கத்தோடு போட அது அனுமதி ஆகிவிடாது. உரிமை யாரிடம் போனாலும் ‘இது நான் எடுத்தது’ என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆவது பிரிவு உங்களுக்குத் தனியாக உரிமை தருகிறது.

பிளெக்ஸ் அடித்தவர்கள் விஷயம் இன்னும் எளிது. நடப்புச் செய்தியைச் சொல்வதற்காக நியாயமான அளவில் ஒரு படத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்சி விளம்பரம் அதற்குள் வராது. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதும். உங்கள் ஊரில் அவர்களோடு முகம் பார்த்து வாழ வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதனால் போலீசுக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் சும்மா விடவும் வேண்டாம். சிவில் வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என்ன உரிமை?

இங்கேதான் உங்கள் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளாத வாக்கியம் வருகிறது. ‘பொது இடத்தில் நடந்தது, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்’ என்கிறீர்கள். எடுப்பதற்கு அது ஓரளவு சரி. போடுவதற்கு அது போதாது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்கிறோமே, 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ராஜகோபால் வழக்கு, அதில் பத்திரிகைச் சுதந்திரத்தையும் தனி மனிதரின் அந்தரங்கத்தையும் சேர்த்து வைத்து எடை போட்டார்கள். 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே உறுதியாகிவிட்டது. இறங்குதளத்தில் அன்று நடந்தது ஊரறிந்த செய்தி, மீனவர்கள் பிடிபட்டது நாட்டுக்கே தெரிய வேண்டிய விஷயம். முதல் நாள் படம் வந்ததில் சட்டப்படி தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தப் படம் வந்ததால் அந்தக் குடும்பத்துக்கு நன்மையும் நடந்திருக்கலாம். ஆனால் அவர் அன்றைக்கு அழுதது அன்றைய செய்தி. இரண்டு வருடம் கழித்து, கணவர் வீட்டில் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கைதான செய்திக்கு அந்த முகத்தை ஒட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

அது அவதூறும் ஆகிறது. கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். அதைக் கடத்துவது ஜாமீனுக்கே அலைய வேண்டிய குற்றம். ‘கைதானவரின் குடும்பம்’ என்று எழுதினால் அந்தக் கணவரைக் கடத்தல்காரர் என்று சொன்னதாகத்தான் ஊர் படிக்கும். பிள்ளையின் வகுப்பு வரை படித்துவிட்டதே.

அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியுமா? போட முடியும், யார் மேலும் போடலாம். நிற்குமா என்றால், உங்கள் மேல் நிற்பது கடினம். நீங்கள் படத்தை அனுப்பியபோது எழுதிய குறிப்பு உண்மை. பொய்யான விளக்கத்தை எழுதியதும் போட்டதும் அலுவலகம். பத்திரிகையில் ஆசிரியர், வெளியிடுபவர் என்று பெயர் அச்சிடுவதே பொறுப்பு அவர்களுடையது என்பதற்காகத்தான். நீங்கள் குறிப்பு எழுதாமல் வெறும் படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் செய்யக்கூடியவை இவை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தம் போடவும், இணையத்திலிருந்து படத்தை எடுக்கவும் கேட்கலாம். இணையச் செய்தித் தளம் ஒவ்வொன்றும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்கின்றன. ஆசிரியர் கேட்கவில்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். மன்றம் தண்டனை கொடுக்காது, கண்டிக்கத்தான் முடியும். ஆனாலும் எந்த நாளிதழும் அந்தக் கண்டனத்தை விரும்புவதில்லை. நாளிதழ் என்றால் படம் வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரு வருடம்.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே என்று அவர் தயங்கலாம். பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அவருக்கு வக்கீல் நீங்கள் பிடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் நலனும் அவர் நலனும் இன்றைக்கு ஒன்றாகத் தெரிகிறது, நாளைக்குப் பிரியலாம். அவருக்கென்று தனி ஆள் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

மற்ற நாட்களின் வேலை

இந்த ஒரு படத்தோடு உங்கள் மனதில் வேறு பல படங்களும் குத்திக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால் உங்கள் அன்றாட வேலையில் சட்டம் எங்கெங்கே குறுக்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.

குழந்தைகள் பாலியல் குற்றத்துக்கு ஆளான வழக்குகளில் முகத்தை மறைத்தால் போதும் என்று பல பேர் நினைக்கிறார்கள். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு முகம், பெயர், முகவரி, குடும்பம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் வரை அடையாளம் தரும் எதையும் வெளியிடத் தடை போடுகிறது. சென்னையில் ஒரு தெருவைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. நம் கடற்கரை ஊரில் பின்னால் ஒரு குருசடி தெரிந்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். வாசலில் கிடக்கும் வலையின் நிறத்தைப் பார்த்தே யார் வீடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தாயின் முதுகை எடுத்தாலும் சேலையை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த மாதிரி வழக்குக்குப் போகச் சொன்னால் காவல் நிலையப் பெயர்ப் பலகையோடு திரும்பி வாருங்கள்.

ஏர்வாடி உங்களுக்குப் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சங்கிலியின் படங்களைப் பார்த்துத்தான் நாடே அதிர்ந்தது. படம் எடுப்பது பாவம் என்று நினைத்துக் கேமராவை மூட்டை கட்டும் முன் அதையும் நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 24ஆவது பிரிவில், மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. கட்டிடத்தை எடுங்கள், சங்கிலி இருந்தால் சங்கிலியை எடுங்கள். முகம் வேண்டாம்.

அக்னி தீர்த்தத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முழுக்குப் போடுவது எல்லாரும் பார்க்கிற நிகழ்வு. கரையேறிய பிறகு இரண்டு பேர் சேலையை மறைப்பாகப் பிடிக்க ஒரு பெண் உடை மாற்றினால் அது அவருடைய தனிப்பட்ட நேரம். தூரத்து லென்ஸில் தற்செயலாக விழுந்தாலும் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். வேண்டுமென்றே எடுத்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆவது பிரிவில் ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை.

மறியலில் ஒரு அதிகாரி ‘அழி’ என்று சொன்னதும் அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் வாய்ச்சொல்லில் படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வழக்குக்குப் படம் வேண்டும் என்றால் எழுத்தில் நோட்டீஸ் தந்து கேட்கலாம். கேமராவைக் கைப்பற்றினால் அதைப் பட்டியலிட்டு எழுத வேண்டும், நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின்படி, தேடிக் கைப்பற்றுவதை வீடியோவில் பதியவும் வேண்டும். இதை அங்கே சத்தமாக வாதாட வேண்டாம். ‘ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்று கார்டைக் கழற்றிப் பையில் வைப்பது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை.

ட்ரோன் வாங்கலாம் என்று இருப்பதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், பாம்பனில் ரயில் பாலம், எதிரே சர்வதேசக் கடல் எல்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தடை செய்த சிவப்புப் பகுதி எங்கே என்று பார்க்காமல் நம் கரையில் ஒன்றைப் பறக்கவிட்டால் நான் ஜாமீன் மனுதான் எழுத வேண்டியிருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்?

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், வேலை போகாது. ஆனால் அந்தப் படம் அடுத்த தடவையும் வரும். நேராக வக்கீல் நோட்டீஸ் விடலாம். அடையாள அட்டை அடுத்த வருடம் புதுப்பிக்கப்படாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆசிரியர் பெயருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். நிருபருக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ எழுத வேண்டாம். கோபம் இல்லாமல் நாலு வரி போதும்:

“இந்தப் படம் இன்ன தேதியில் நான் சொந்த முயற்சியில் எடுத்து, இந்த விளக்கத்தோடு அனுப்பியது. இன்ன தேதியில் தொடர்பில்லாத செய்திக்குத் தவறான விளக்கத்தோடு வெளியாகியிருக்கிறது. திருத்தம் வெளியிட்டு, இணையத்திலிருந்தும் படக் களஞ்சியத்திலிருந்தும் இதை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி நானாக எடுத்து அனுப்பும் படங்கள் ஒருமுறை வெளியிடுவதற்கு மட்டுமே. மறுபடி போடுவதாக இருந்தால் என்னைக் கேட்டு, ‘கோப்புப் படம்’ என்றும் எடுத்த தேதியும் போட வேண்டும்.”

மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இரண்டு வழியிலும் அனுப்புங்கள். பல தடவை நான் பார்த்திருக்கிறேன், மாவட்டத்தில் ‘எங்களோடது’ என்று பேசுகிறவர்கள் மேலே கடிதம் போனதும் இறங்கி வருகிறார்கள். ஆசிரியர் குழுவில் யாருக்கும் அந்தப் பெண்ணைக் கேலி செய்யும் நோக்கம் இருந்திருக்காது. ‘மீனவர், அழுகை’ என்று தேடியபோது முதலில் வந்த படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். அதனால்தான் களஞ்சியத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்பது திருத்தத்தைவிட முக்கியம் என்று சொல்கிறேன். இனிமேல் எந்தப் படத்தையும் கோப்புக்குள்ளேயே பெயர், தேதி, இடம், விவரம் எழுதாமல் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். மின்னஞ்சலில் கோப்பாக அனுப்புங்கள்.

வேலையை விடுவதா என்று என்னால் முடிவு சொல்ல முடியாது. ஆனால் 14 வருடமாக அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா உங்களுடையது. நீங்கள் போனால் வெளியூரிலிருந்து யாரையாவது அனுப்புவார்கள். அழுகிற பெண் யார், அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று வருகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அது தெரிந்தும் கேட்காமல் விட்டதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அழுதுகொண்டிருக்கிறவரிடம் அந்த நேரத்தில் போய் அனுமதி கேட்க முடியாதுதான். சாயங்காலம் கேட்கலாமே. “தங்கச்சி, காலையில எடுத்தேன், நாளைக்கு பேப்பர்ல வரும், போடட்டுமா” என்று வீட்டுப் படியில் நின்று கேட்டால் பெரும்பாலும் போடச் சொல்வார்கள். தங்கள் ஆள் கடலில் பிடிபட்டது வெளியே தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கும் வேண்டியதுதான். வேண்டாம் என்றால் உங்களிடம் வேறு படம் இருக்கும்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியருக்குக் கடிதம் போடும் முன் அவர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேமராவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் எடுத்ததற்கும், அது இவ்வளவு தூரம் போனதற்கும் வருத்தம் சொல்லுங்கள், பொய் விளக்கம் நீங்கள் எழுதியது இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் தன் பங்குக்கும் எழுத விரும்பினால் படம் வந்த பக்கத்தின் பிரதியையும் ஒரிஜினலின் ஒரு பிரதியையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்திரிகை மன்றத்துக்கான இரண்டு மாதத்தில் மூன்று வாரம் போய்விட்டது, ஆசிரியர் பதிலுக்குக் காத்திருக்க இரண்டு வாரமாவது வேண்டும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள் தம்பி.